கடைசி வண்டியின் எலுமிச்சம்பழம்

1

என் தங்கை மகன் கணேசனுக்குக் கல்யாணமாகி நேற்றோடு ஒரு வருஷம். தமிழ்த் தேதிக்குத்தான் நேற்று. ஆங்கிலத் தேதிக்கு இன்றைக்குத்தான். இரண்டையும் குறித்து வைப்பது என் வழக்கம். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்துப் பத்திரங்களில் மலையாளத்துக் கொல்லம் ஆண்டும் இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒரு நாளை ஒரே தேதியால் குறித்தால் மனசு நிறையாது.

நேற்று இரவு, ஊரில் விடிந்த நேரம் பார்த்துத் தம்பதிகளோடு வீடியோவில் பேசிவிட்டு, நான் வேலை பார்க்கும் லாரி யார்டை விட்டு வெளியே வந்தேன். பனி கொட்டத் தொடங்கியிருந்தது. என் மகள் கோமதி காரோடு வந்து நின்றாள். 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் எங்களுக்கு முன்னால் மஞ்சள் விளக்கு சுழல மூன்று பனித்தள்ளு வண்டிகள், ஒன்றுக்கு ஒன்று சற்றுப் பின்வாங்கி, ரோட்டின் மொத்த அகலத்தையும் அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. அவற்றைத் தாண்டி ஒரு வண்டியும் போக முடியாது. பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் விளக்குகள். அந்த ஊர்வலத்தில் உட்கார்ந்திருந்தபோது போன வருஷம் புளியரை மலைப்பாதையின் எஸ் வளைவில் வரிசையில் மாட்டிக்கொண்டு நின்ற காலை நேரம் முழுசாக ஞாபகம் வந்தது. ஊரில் இருக்கிறவர்களுக்கு அது தினசரிச் சங்கடம். தூரத்தில் இருக்கிறவனுக்கு அதில் வியக்க ஒன்று கிடைத்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

2

கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில், டொராண்டோவுக்கு மேற்கே ஒரு ஊரில் இருக்கிறோம். வந்து கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. லாரிக் கம்பெனி ஒன்றில் அனுமதிச் சீட்டு வாங்கித் தருவது என் வேலை. அளவுக்கு மீறிய நீளமோ பாரமோ உள்ள சரக்கு வந்தால், அது எந்த ரோட்டில், எந்தப் பாலத்தின் மேல், எந்த நேரத்தில் போகலாம் என்று மாகாண அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். ஒரு பெட்டியை நிரப்ப மறந்தால் மொத்தமும் திரும்பி வரும். வந்த புதிதில் போனில் நான் ‘லாரி’ என்று சொல்ல, எதிர்முனையில் இருந்தவர் லாரி என்ற பெயருள்ள ஆளைக் கேட்பதாக எண்ணி, “அவர் இன்றைக்கு லீவு” என்றார். அன்றிலிருந்து ‘டிரக்’ என்று பழகிக்கொண்டேன். ஊருக்குப் போனால் இறங்கின உடனே ‘லாரி’ வாயில் திரும்ப வந்துவிடும்.

இங்கே வசந்தம் தொடங்கும்போது ஒரு விதி அமலுக்கு வரும். உறைந்த மண் இளகி ரோட்டுக்கு அடியில் சேறாகும் வாரங்களில், சிறிய ரோடுகளில் கனரக வண்டிகள் பாரத்தைக் குறைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்த விதி. ரோடும் ஒரு உடம்பு, அதற்கும் முடியாத நாட்கள் உண்டு என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொள்கிறது.

நம் பக்கத்து ரோட்டுக்கு அப்படி ஓய்வு கிடையாது. கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் 744 நெடுஞ்சாலை தென்காசியையும் செங்கோட்டையையும் தாண்டிப் புளியரையில் மலை ஏறுகிறது. ஜல்லியும் எம்-சாண்ட் மணலும் ஏற்றிய டிப்பர்கள், காய்கறி லாரிகள், புளியங்குடி எலுமிச்சை, இரண்டு மாநிலத்துப் பஸ்கள், குற்றாலத்துக்குக் குளிக்க வரும் கார்கள், கார்த்திகை பிறந்தால் சபரிமலை வேன்கள் எல்லாம் அந்த ஒரே ரோட்டில்தான். நெரிசலுக்கு வண்டிகளின் எண்ணிக்கையைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். என் வேலையில் நான் கண்டது வேறு. மழையில் ஒரு பள்ளம் விழுகிறது. கனம் ஏற்றிய லாரி அதைக் கண்டதும் கியரைக் குறைக்கிறது. ஏற்றத்தில் இழந்த வேகம் அதற்குத் திரும்பக் கிடைப்பதே இல்லை. பின்னால் வரும் கார் பிரேக் போடுகிறது, அதற்குப் பின்னால் இருப்பது இன்னும் அழுத்திப் போடுகிறது, வரிசையின் கடைசியில் இருப்பவன் காரணம் தெரியாமலே நின்றுவிடுகிறான். பள்ளத்தைப் பார்க்காதவனையும் பள்ளம் நிறுத்தி வைக்கிறது.

3

கணேசனுக்குப் பெண் எடுத்தது புனலூரில், தலைமுறையாக அங்கே கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்தில். முகூர்த்தம் பெண் வீட்டில், பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். முதல் நாளே போய்த் தங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். தங்கை இசக்கியம்மாள் கேட்கவில்லை.

“பண்பொழி மலையில முருகன் காலடியில தாலியை வச்சு, முதல் பூசை முடிஞ்சு எடுத்துட்டுத்தான் போகணும்ணே. எங்க மாமியார் எனக்கு அப்படித்தான் செஞ்சாங்க. நீங்க மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு முன்னால போங்க. நாங்க வேன்ல பின்னாலேயே வந்துருவோம்.”

இப்படித்தான் மாப்பிள்ளை ஒரு வண்டியிலும் தாலி இன்னொரு வண்டியிலும் ஆனது.

விடிந்ததும் கணேசன் வீடு இருக்கும் இலத்தூரில் இருந்து புறப்பட்டோம். பூ ஜோடித்த காரை உள்ளூர் டிரைவர் முருகையா ஓட்டினார். அவர் பக்கத்தில் கணேசன். பின்னால் நானும் கோமதியும் மாலைக்கூடையும். என் மனைவிக்கு ஆஸ்பத்திரி வேலையில் லீவு கிடைக்கவில்லை. கோமதிக்கும் வர மனசில்லை. விமானத்தில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்: “கணேசன் அத்தான் கல்யாணத்துக்காக வரேன்ப்பா. இதோட போதும். அடுத்த தடவை நீயும் அம்மாவும் போயிட்டு வாங்க.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஊரில் வந்த நாள்முதல் அவள் சிரித்தாள், கும்பிட்டாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள், அதிகம் பேசவில்லை. அவள் பேசும் தமிழைக் கேட்டு இரண்டு அத்தைமார் வாயைப் பொத்திச் சிரித்ததைப் பார்த்திருக்கிறாள்.

முருகையாவுக்கு அதெல்லாம் கிடையாது. செங்கோட்டை தாண்டியதும் ஆரம்பித்தார்.

“பின்சீட்டுல முறைப்பொண்ணை உக்கார வச்சிக்கிட்டு, புனலூர்ல போய்ப் பொண்ணெடுக்குத மாப்பிள்ளையை இன்னைக்குத்தான் பாக்கேன்.”

“சும்மா ரோட்டைப் பாத்து ஓட்டும்வே. அவ இங்கிலீஷ்ல திட்டிருவா” என்றான் கணேசன்.

“எனக்குத் தமிழ்லயும் திட்டத் தெரியும்” என்றாள் கோமதி.

முருகையா ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். “அப்படிப் போடு தாயி.”

4

புளியரைக்கு முன்னாலேயே வரிசை நின்றது. எஸ் வளைவில் முந்தின நாள் மழைக்கு ரோட்டோரம் அரித்துப் போயிருந்தது. ஜல்லி ஏற்றி மேலே போன ஒரு டிப்பர் வளைவின் பள்ளத்தில் இறங்கி, அச்சு முறிந்து நின்றுவிட்டது. கிரேனுக்குச் சொல்லியாகிவிட்டது, அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மீதி இருந்தது ஒரே ஒரு வண்டி போகிற அளவுக்கான இடம். வளைவின் அடியில் நிற்பவனுக்கு முடியில் நிற்பவன் தெரியாது. மழையில் கீழ்ப்பக்கத்துச் செல்போன் டவரும் போயிருந்தது.

அங்கே நடந்துகொண்டிருந்த ஏற்பாட்டை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிரைவர்களில் இரண்டு பேர் தாங்களாகவே பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழ் முனையில் பாண்டி. புளியங்குடியில் இருந்து கொல்லத்துக்கு எலுமிச்சை ஏற்றிப் போகிறவர், தன் லாரியை ஓரம்கட்டிவிட்டு இறங்கி நின்றார். மேல் முனையில் மைதீன். வடகரைக்காரர், ஜல்லி இறக்கிவிட்டுக் காலி டிப்பரோடு திரும்பிக்கொண்டிருந்தவர். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் கூட்டமாக விடுவது. அந்தக் கூட்டத்தில் கடைசியாகப் போகும் வண்டியின் கையில் ஒரு எலுமிச்சம்பழம். பழம் எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்தால் நடுவில் வண்டி இல்லை என்று அர்த்தம். அதே பழம் அந்தப் பக்கத்துக் கடைசி வண்டியில் திரும்பி வரும். ஒற்றைப் பாதைக் காலத்து ரயிலில், எதிரே வண்டி இல்லை என்பதற்கு டிரைவர் கையில் வளையம் கொடுப்பார்களே, அதே நியாயம். பாண்டி லாரியில் மூட்டை மூட்டையாக இருந்தது எலுமிச்சைதான் என்பதால் எலுமிச்சை.

விடியற்காலையில் ஒரு சபரிமலை வேன்காரர் தன் டாஷ்போர்டில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த பழத்தையே அடையாளப் பழம் என்று நீட்டிவிட்டு நடுவில் நுழையப் பார்த்திருக்கிறார். அதன்பிறகு பாண்டி தன் தார்ப்பாய்க் கயிற்றில் இருந்து நீல நைலான் இழை ஒன்றைப் பிரித்துப் பழத்தைச் சுற்றிக் கட்டினார். நீலக் கயிறு கட்டிய பழம்தான் செல்லும்.

இன்னொன்றும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் கார், வேன் முதலில், பாரம் ஏற்றியவை கடைசியில். லாரி முன்னால் போனால் எல்லோரும் அதன் பின்னால் ஊர வேண்டும். அது ஏற்றத்தில் ஒரு தடவை நின்றுவிட்டால் திரும்பக் கிளம்புவது கஷ்டம், பின்னால் இருப்பவனுக்கும் ஆபத்து. பின்னால் விட்டால் அது யார் கழுத்தையும் பிடிக்காமல் ஒரே மூச்சில் ஏறிவிடும். பெரிய ஊர்களில் இதற்குப் படித்தவர்கள் படம் போட்டு, கூட்டம் கூட்டி, விளக்கு வைப்பார்கள். இங்கே ஈர லுங்கியோடு இரண்டு பேர் விடியற்காலை முதல் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் போய் வரிசையில் நின்றபோது அந்தக் கூட்டத்தின் கடைசி லாரியும் நகர்ந்துகொண்டிருந்தது. பாண்டி பூ ஜோடித்த காரைப் பார்த்துவிட்டார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டே ஓடி வந்தார்.

“மாப்பிள்ளை வண்டியா? எங்கன கல்யாணம்?”

“புனலூரு அண்ணாச்சி” என்றார் முருகையா.

“அடக் கொடுமையே. ஏலே, அந்தக் காரை ஓரமா ஒதுக்குலே. மாப்பிள்ளை வண்டி போகட்டும். ம், வாங்க, வாங்க. அந்த லாரி பின்னாலேயே போயிருங்க.”

பார வண்டிதான் கடைசி என்ற தன் விதியை எங்களுக்காகவே அவர் மீறினார். முருகையா காரை நகர்த்தும்போது பாண்டி ஜன்னலில் கையை விட்டு அவர் கையில் பழத்தைத் திணித்தார். “பாத்துப் போங்க” என்றார். அவ்வளவுதான். காலையில் இருந்து வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழத்தின் சங்கதி தெரியும். எங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார். நாங்களோ அப்போதுதான் வந்து முன்னால் இழுத்து விடப்பட்டவர்கள்.

கல்யாண வண்டி. மலைப்பாதையின் தொடக்கம். முன்பின் தெரியாத ஒருவர் ஓடி வந்து கையில் எலுமிச்சம்பழம் தருகிறார். நம் பக்கத்து ஆள் இதை எப்படி எடுத்துக்கொள்வான்?

“பாத்தீங்களா அண்ணாச்சி, மரியாதையை” என்றார் முருகையா, என்னைத் திரும்பிப் பார்த்து.

“கயிறெல்லாம் கட்டியிருக்கு. கோயில்ல மந்திரிச்சது போல” என்றேன் நான்.

கொஞ்சம் ஏறியதும் முருகையா காரை நிறுத்தினார். இறங்கி, பழத்தை நெற்றியில் ஒற்றி, முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். திரும்ப ஏறி வண்டியை எடுத்தார். சதக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

“இனி ஒரு தடங்கலும் கிடையாது மாப்ளே” என்றார் கணேசனைப் பார்த்து.

5

மேலே, கேரள எல்லைக்குச் சற்று முன்னால், ரோடு சமதளமாகும் இடத்தில் ஒரு டீக்கடை. தங்கையின் வேன் வரட்டும் என்று அங்கே நிறுத்தினோம். எங்களுக்கு எதிரே கீழே இறங்க வேண்டிய வண்டிகள் வரிசையாக நின்றன. காலி டிப்பர்கள், கறுப்பு வேட்டிச் சாமிகள் நிரம்பிய வேன்கள், ஒரு பஸ். வரிசையின் முன்னால் சிவப்புத் துண்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

டீ குடித்தோம். கீழிருந்து எதுவும் வரவில்லை. மேலிருந்தும் எதுவும் இறங்கவில்லை. எதிர்வரிசையில் சாமிகள் சரணம் சொல்வதை நிறுத்திவிட்டு இறங்கி நின்று பேசத் தொடங்கினார்கள். ஹார்ன்கள் ஆரம்பித்தன.

கேரள டவர் கிடைத்ததும் என் போன் அடித்தது. பெண்ணின் அப்பா.

“எங்க எத்தினீங்க? எதுவரைக்கும் வந்தீங்க? இங்க ஐயர் வந்தாச்சு.”

“பக்கத்துலதான். தாலி வண்டி பின்னால வருது.”

“தாலி உங்க கூட இல்லையா?”

இதோ வந்துவிடும் என்று சொல்லி வைத்தேன். கணேசன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நடந்து நடந்து திரும்பினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இந்த முகூர்த்தம் தவறினால் அடுத்தது தையில்தான் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். கார்த்திகைக் கல்யாணத்துக்குப் பெண் வீட்டில் பாதிப் பேருக்குச் சம்மதமில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். தாலி இல்லாமல் போய் நிற்கும் மாப்பிள்ளையை அவர்கள் என்ன சொல்வார்கள்?

சிவப்புத் துண்டுக்காரர் பொறுமை இழந்து டீக்கடைப் பக்கம் வந்தார். மைதீன் அவர்தான்.

“கீழேருந்து வந்ததுல கடைசி வண்டி எது? பழம் யாருட்ட இருக்கு?”

“எந்தப் பழம்?” என்றார் முருகையா, டீ கிளாஸோடு.

“எலுமிச்சம்பழம்வே. நீலக் கயிறு கட்டினது. அது வந்தாத்தானே இவங்களை எறக்க முடியும்?”

முருகையா கிளாஸை மெதுவாகப் பெஞ்சில் வைத்தார்.

“அது... டயருல வச்சு ஏத்தியாச்சே” என்றார்.

மைதீன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “டயருல வச்சு?”

“மலையேறுத வண்டில்லா. பழத்தைக் குடுத்தா என்ன செய்யச் சொல்லுதீரு?”

“நல்ல டிரைவருவே நீரு. ரயில்வேல உம்மைச் சேத்திருந்தா சிக்னலைப் பிடுங்கித் திருஷ்டி சுத்திப் போட்டிருப்பீரு.”

டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். கணேசன்கூடச் சிரித்துவிட்டான். கோமதிதான் முதலில் விஷயத்தைப் பிடித்தாள். “அப்பா, ரிலே ரேஸ்ல குச்சி குடுப்பாங்கல்ல, அதுதான் இது. நாம குச்சியை உடைச்சிட்டோம்.” பள்ளிக்கூடத்தில் அவள் ரிலே ஓடியவள்.

கடைசி வண்டி நாங்கள்தான் என்று தெரிந்துவிட்டதால் மைதீன் தன் பக்கத்தை இறக்கிவிடலாம். ஆனால் கீழே பாண்டிக்கு என்ன அடையாளம் அனுப்புவது? பழம் வராமல் அவர் மேலே யாரையும் விடமாட்டார்.

“கடைசியா எறங்குதவரு ‘நான்தான் கடைசி’ன்னு வாயால சொன்னாப் போதாதா?” என்று கேட்டேன்.

“இருட்டோட ஒருத்தன் அப்படித்தான் சொன்னான் அண்ணாச்சி. அவனை நம்பி மேல விட்டதுல ரெண்டு வண்டி நடுவுல மூக்கோட மூக்கு வச்சு நின்னுச்சு. பின்னால எடுக்கவே பெரும்பாடாப் போச்சு. அதுக்குப் பிறகுதான் பழம். பாண்டி இனி வாய்ப்பேச்சை நம்பமாட்டான்.”

“என்னை நம்புவாரா?” என்றாள் கோமதி.

மைதீன் திரும்பினார்.

“நான் அந்த வண்டியில போறதை அவர் பாத்தாரு. கார்தான் கடைசின்னு அவருக்குத் தெரியும். நான் கீழே போய் நின்னா, கார் மேல வந்திடுச்சுன்னு அர்த்தம். நான் கடைசி வண்டியில வந்தா, மேல இருந்து வர்றதும் முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்.” சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அத்தை வேனையும் முதல்ல விடச் சொல்லுவேன்.”

மைதீன் கீழே வளைவைப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டார்.

“சரிதான். மேல போன பழம் கீழ வந்த மாதிரிதான். கடைசியா எறங்குதது என் தம்பி வண்டி. பயப்படாம அனுப்புங்க அண்ணாச்சி.”

எனக்குப் பயம் இருந்தது. நான் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் புடவைக் கொசுவத்தைச் சொருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பற்றி அந்த டிப்பரின் கேபினுக்குள் ஏறிவிட்டாள். மல்லிகைப் பூவோடு ஒரு பெண் முன்சீட்டில் உட்கார்ந்திருக்க, அந்தக் காலி டிப்பர் சாமி வேன்களுக்கும் பஸ்ஸுக்கும் பின்னால், எல்லாவற்றுக்கும் கடைசியாக, வளைவில் இறங்கி மறைந்தது.

முருகையா சொன்னார்: “உங்க மக நம்ம பக்கத்துப் பிள்ளைதான் அண்ணாச்சி. நான்தான் வேற ஊர்க்காரன் மாதிரி வேலை பாத்துட்டேன்.”

6

கீழே நடந்ததை அவளும் தங்கையும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டிப்பரில் இருந்து அவள் குதித்ததும் பாண்டி நேராகக் கேட்டாராம்: “பழம் எங்கம்மா?” அவள், “நான்தான் பழம்” என்றாளாம். முழுக்கதையையும் கேட்டுவிட்டுப் பாண்டி தலையில் கைவைத்துச் சிரித்திருக்கிறார். “தப்பு என் பேருலதான். கல்யாண வண்டிக்குப் பழத்தைக் குடுத்துட்டு வெளக்கம் சொல்லலைன்னா அவன் வேற என்ன செய்வான்?” பிறகு தார்ப்பாய்க் கயிற்றில் இன்னொரு இழையைப் பிரித்து அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டாராம். “இன்னைக்கு இது போதும். போ, உங்க அத்தை வண்டி அந்தா நிக்கி.”

நாங்கள் மேலே நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு வளைவைத் திரும்பி எங்கள் வேன் வந்தது. அந்தக் கூட்டத்துக்கே முதல் வண்டி. முன்சீட்டில் கோமதி. மடியில் மஞ்சள் துணி மூடிய தாம்பாளம், அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கையில் நீலக் கயிறு.

வேன் நிற்பதற்கு முன்னாலேயே தங்கை ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“ஏண்ணே, உங்க மக லாரியில வந்து எறங்குதா. ஒரு நிமிஷம் எனக்கு மூச்சே நின்னுட்டு. ‘ஏட்டி, என்னட்டி இது’ன்னேன். ‘அத்தை, சிறுசு முன்னால, கனம் பின்னால, கதவைச் சாத்துங்க’ங்கா.”

“தாலியை ஏன் இவ கையில குடுத்தே?”

“குடுக்கலை. அவளே வாங்கிக்கிட்டா. ‘போன தடவை பழத்தை டிரைவருட்ட குடுத்துத்தான் கெட்டுது. இதை நான் பிடிக்கேன்’னுட்டா.”

வேனுக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முறைப்பெண் கையாலேயே தாலி வருகிறதே, புனலூர்ப் பெண்ணுக்கு இதைவிட என்ன ராசி வேண்டும் என்று ஒரு குரல். கணேசன் வேன் ஜன்னலுக்குப் போய் அவளிடம் “தேங்க்ஸ்” என்றான். “வண்டியில ஏறுங்க அத்தான், நேரமாச்சு” என்றாள் அவள்.

மைதீன் துண்டை வீசி எங்களை அனுப்பினார். எங்களுக்குப் பின்னால் பார லாரிகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு ஏறி வந்தன. கடைசி லாரியில் இருந்து ஒரு கை நீண்டு அவர் கையில் ஒரு பழம் கொடுத்ததைப் பின்கண்ணாடியில் பார்த்தேன். புதுப் பழம். அதிலும் நீலக் கயிறு இருந்திருக்கும். தூரத்தில் தெரியவில்லை.

முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கையில் தாலி ஏறியது. மேளக்காரர்கள் தாமதத்துக்கும் சேர்த்து வாசித்தார்கள். பெண் வீட்டுக்காரர்கள் குறை சொல்லத் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் முருகையா பந்தலில் நின்று பழத்தை நசுக்கிய கதையைத் தானே சொல்லிவிட்டார். மலையாளமும் தமிழுமாக ஒரு பந்தலே சிரித்த பிறகு யாரால் குறை சொல்ல முடியும்? அன்று சாப்பாட்டுப் பந்தியில் கோமதி அத்தைமார்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். அவள் தமிழைக் கேட்டு அவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

7

எங்கள் யார்டில் இருந்து ஒரு பாரவண்டி கிளம்ப எத்தனை கையெழுத்து என்று எனக்குத் தெரியும். அத்தனையும் தேவைதான், ஒன்றைக்கூட நான் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலையை நினைக்கும்போது, ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாத மனிதர்கள் ஒரு பழத்தை நம்பி மலைப்பாதையில் காத்து நின்றதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எங்களை முன்னால் விடுவதற்காக ஓரம் ஒதுங்கிய அந்தக் காரில் இருந்தவர்களுக்கும் ஏதோ அவசரம் இருந்திருக்கும். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரேன் மாலையில்தான் வந்ததாம். அதுவரை இரண்டு மாநில வாகனங்களும் ஒரு எலுமிச்சம்பழத்தின் பேரில் ஓடியிருக்கின்றன.

நேற்று அந்தப் பனித்தள்ளு வண்டிகளின் பின்னால் நாங்கள் ஊர்ந்துகொண்டிருந்தோம். பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. கோமதி கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“சிறுசு முன்னால, கனம் பின்னாலன்னாரு பாண்டி அண்ணாச்சி. இங்கன தலைகீழா இருக்கு.”

‘இங்கன’ என்ற ஊர்ப்பேச்சை நான் கவனித்தேன். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“அது சரக்கு வண்டி இல்லம்மா. ரோடு போட்டுக்கிட்டே போற வண்டி. அதுக்கு முன்னால போனா நமக்கு ரோடு கிடையாது.”

“கணேசன் அத்தான் என்ன சொன்னாங்க?”

“தையில குழந்தை பிறக்கும்னு சொன்னான். உன்னைக் கேட்டான்.”

ஒரு சந்திப்பில் பனித்தள்ளு வண்டிகள் மூன்றும் விளக்கைச் சுழற்றிக்கொண்டு பக்க ரோட்டில் இறங்கிப் போயின. அடங்கிக் கிடந்த கார்கள் எல்லாம் இரண்டு பக்கமும் எங்களைத் தாண்டிச் சீறிக்கொண்டு பறந்தன. அவள் வேகத்தைக் கூட்டவில்லை. சுத்தமான தடத்தில் அதே நிதானத்தில் ஓட்டினாள். முகம் பார்க்கும் கண்ணாடியில் கட்டியிருந்த நீல நைலான் இழை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வருஷ வெயிலில் அதன் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

கொஞ்ச தூரத்தில் பின்னால் இருட்டாகிவிட்டது.

“யாரும் இல்லப்பா. நாமதான் கடைசி வண்டி.”

“அப்போ பழம் நம்மகிட்ட இருக்கு” என்றேன்.

“கொண்டுபோய்க் குடுக்கணும்லா” என்றாள். “குழந்தை விஷயத்தை அத்தை முன்னாலேயே சொல்லிட்டாங்க. ஊருக்குப் போகத் தையில லீவு சொல்லிட்டேன்.”